ஏழாயிரம் ரூபாய் செயின்சா... வீட்டுக்கு உதவுமா, வினையாகுமா?

புயலுக்கு மறுநாள் காலையில் கடற்கரை ஊர்களில் ஒரு சத்தம் கேட்கும். ‘ட்ர்ர்ர்ர்’ என்று ஆரம்பித்து, இரண்டு நிமிடம் உறுமி, சட்டென்று நிற்கும். பிறகு அடுத்த தெருவில் கேட்கும். மரம் அறுக்கும் மெஷின், அதாவது செயின்சா. அந்தச் சத்தம் எப்போது நம் வீட்டு வாசலுக்கு வரும் என்று ஊரே காத்திருக்கும்.

புதுச்சேரிக்கு வடக்கே, கிழக்குக் கடற்கரைச் சாலையை ஒட்டி இருக்கிறது பொம்மையார்பாளையம். விழுப்புரம் மாவட்டம், வானூர் வட்டம். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் ஆரோவில்லின் மரக்கூட்டம், வடக்கே போனால் மரக்காணம் உப்பளங்கள். சவுக்கு, முந்திரி, தென்னை, பனை, பூவரசு, வேம்பு... எந்த வீட்டுக் கொல்லையை எட்டிப் பார்த்தாலும் இவற்றில் இரண்டு மூன்றாவது நிற்கும்.

இந்தக் கரைக்குப் புயல் புதிதல்ல. 2011 டிசம்பர் 30 அதிகாலையில் புதுச்சேரிக்கும் கடலூருக்கும் இடையே கரை கடந்த ‘தானே’ புயல், இந்தப் பகுதியின் மரங்களை அடியோடு சாய்த்துவிட்டுப் போனது. கடலூர் மாவட்டத்து முந்திரிக் காடுகளும், ஆரோவில்லில் பல வருடங்களாக வளர்த்த மரங்களும் அதில் அடங்கும். 2024 நவம்பர் 30 இரவு ‘ஃபெஞ்சல்’ புயல் புதுச்சேரி அருகே கரை கடந்தபோது, மயிலத்தில் ஒரே நாளில் சுமார் 50 செ.மீ. மழை கொட்டியது. மண் ஊறிப்போனால் பெரிய காற்றுகூட வேண்டாம், மரம் தானாகவே சாயும்.

அதற்குப் பிறகுதான் பல வீடுகளில் அந்தப் பேச்சு ஆரம்பிக்கிறது. சென்னையில் வேலை பார்க்கும் மகன் செல்போனில் ஒரு விளம்பரத்தை அனுப்புகிறான். “அப்பா, 58 சிசி, 22 இன்ச். ஏழாயிரம்தான். ஆர்டர் போட்டுடட்டுமா?” அப்பாவுக்கும் ஆசைதான். “போடுடா, அடுத்த புயலுக்கு யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம்” என்கிறார். அம்மா மட்டும் அடுப்படியிலிருந்து குரல் கொடுக்கிறார்: “முதல்ல அதைப் பிடிக்கத் தெரியுமான்னு உங்க அப்பாவைக் கேளு!”

மூன்று பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வருடத்துக்கு ஒன்றிரண்டு தடவை மட்டும் தேவைப்படும் ஒரு மெஷினை, குறைந்த விலையில் வாங்கி வைப்பது லாபமா? நிதானமாகக் கணக்குப் போட்டுப் பார்ப்போம்.

ஆபரேஷன் தியேட்டரிலிருந்து காட்டுக்கு

சங்கிலியில் பல் வைத்து அறுக்கும் யோசனை முதலில் வந்தது மரத்துக்காக அல்ல. 18-ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்காட்லாந்து மருத்துவர்கள் இருவர், ஜான் எய்ட்கென், ஜேம்ஸ் ஜெஃப்ரே, எலும்பை அறுப்பதற்காகக் கையால் இழுக்கும் சங்கிலி ரம்பத்தைப் பயன்படுத்தினார்கள். மரத்துக்கு அது வந்து சேர நூறு வருடங்களுக்கு மேல் ஆனது. ஜெர்மனியின் ஆண்ட்ரியாஸ் ஸ்டீல் 1926-ல் மின்சார செயின்சாவையும், 1929-ல் பெட்ரோல் செயின்சாவையும் கொண்டுவந்தார்.

இன்று எல்லா மெஷினிலும் இருக்கும் சங்கிலிப் பல்லின் வடிவத்தைத் தந்தவர் அமெரிக்க மரம் வெட்டும் தொழிலாளி ஜோசப் காக்ஸ். 1946-ல், மரத்தைக் குடைந்து தின்னும் வண்டின் புழுவைப் பார்த்தபோது அவருக்கு அந்த யோசனை வந்தது. புழு இடமும் வலமுமாக மாறி மாறிக் கடித்து முன்னேறியது. அதேபோல இடம் ஒரு பல், வலம் ஒரு பல் என்று அவர் அமைத்தார். ஏழாயிரம் ரூபாய் மெஷினானாலும் நாற்பதாயிரம் ரூபாய் மெஷினானாலும் சங்கிலியின் தத்துவம் அதுதான். வித்தியாசம் வேறு இடத்தில் இருக்கிறது.

முதலில் கொல்லையைப் பாருங்கள்

மெஷின் வாங்கும் முன், உங்களிடம் என்ன மரம் இருக்கிறது, அதில் எந்த வேலை வருகிறது என்று எண்ணுங்கள்.

முருங்கை, வாழை, பப்பாளி இவற்றுக்கு மெஷினே வேண்டாம். அரிவாள் போதும். கை மணிக்கட்டு மொத்தமுள்ள வேப்பங்கிளை, பூவரசங்கிளைக்கு நல்ல வளைந்த கை ரம்பம் போதும். 500 முதல் 1,000 ரூபாய்க்குள் தரமான ரம்பம் கிடைக்கும். இழுக்கும்போது அறுக்கும் பல் உள்ளதாகப் பார்த்து வாங்கினால், மெஷினை எடுத்து, பெட்ரோல் ஊற்றி, ஸ்டார்ட் செய்யும் நேரத்துக்குள் இரண்டு கிளையை இறக்கிவிடலாம்.

தென்னையில் வருடம் முழுக்க வரும் வேலை மட்டை கழிப்பதும் காய் பறிப்பதும். இரண்டும் உயரத்தில் நடப்பவை. செயின்சாவுக்கு அங்கே வேலை இல்லை. மரமே விழுந்தால்தான் மெஷின் வேண்டும். தென்னந்தண்டும் பனந்தண்டும் நார் நிறைந்தவை. வெளிப்பக்கம் இரும்பு மாதிரி இறுகியிருக்கும். அறுக்கும்போது நார் சுருண்டு சங்கிலிக்குள்ளும் கவருக்குள்ளும் அடைத்துக்கொள்ளும். சங்கிலியும் சீக்கிரம் மழுங்கும்.

செயின்சா நிஜமாகவே உழைப்பைக் குறைப்பது சவுக்கிலும் முந்திரியிலும்தான். சவுக்கு கெட்டி மரம். காய்ந்துவிட்டால் கை ரம்பம் பல்லைக் காட்டும். விறகுக்குத் துண்டு போட மெஷின் இருந்தால் ஒரு நாள் வேலை ஒரு மணி நேரத்தில் முடியும். முந்திரி தாழப் படர்ந்து, கிளைகள் தரையைத் தொட்டுக் கிடக்கும். விழுந்த மரத்தைத் துண்டாக்க மெஷின் உதவும். ஆனால், வளைந்து அழுந்திக் கிடக்கும் கிளைதான் ஆபத்தும் கூட. அதைப் பிறகு பார்ப்போம்.

பெட்ரோலா, கரண்டா, பேட்டரியா?

வீட்டு உபயோகத்துக்கு என்று மூன்று வகை விற்கிறார்கள்.

முதலாவது, கரண்டில் ஓடுவது. சுமார் 4,000 முதல் 6,000 ரூபாய். சத்தம் குறைவு, ஸ்டார்ட் ஆகாத பிரச்னை இல்லை, பராமரிப்பு மிகக் குறைவு. எப்போதாவது பயன்படுத்துகிறவர்களுக்கு உண்மையில் இதுதான் பொருத்தம். ஆனால் இந்தக் கரையில் ஒரு சிக்கல். மரம் விழும் நாளில் கரண்ட் இருக்காது. புயலுக்குப் பிறகு மின்சாரம் வர ஒரு நாளும் ஆகலாம், ஒரு வாரமும் ஆகலாம். அப்படியே வந்தாலும், ஈரத் தரையில் ஒயரை இழுத்துக்கொண்டு போய் மரம் அறுப்பது புத்திசாலித்தனம் இல்லை. மற்ற நாட்களில் விறகு துண்டு போட இது நல்ல மெஷின். 2,000 வாட் மெஷின் சுமார் 9 ஆம்பியர் இழுக்கும். சாதாரண 5 ஆம்பியர் பிளக்கில் மெல்லிய எக்ஸ்டென்ஷன் ஒயர் போட்டு ஓட்டினால் ஒயர் சூடாகி உருகும். பவர் பிளக், கனமான ஒயர், வீட்டில் கசிவு மின்சாரத்தைத் துண்டிக்கும் ஆர்சிசிபி மூன்றும் அவசியம்.

இரண்டாவது, பேட்டரியில் ஓடும் குட்டி மெஷின். 4 அல்லது 6 இன்ச் நீளம். சில ஆயிரங்களுக்குள் கிடைக்கிறது. கிளை கழிக்க நன்றாக இருக்கும். புயலுக்கு முன்பே சார்ஜ் போட்டு வைத்தால், கேட்டை மறித்துக் கிடக்கும் கிளைகளை வெட்டி வழி செய்துவிடலாம். பெரிய தண்டில் இது திணறும். பேட்டரியைக் காலியாக வைத்துவிட்டு ஒரு வருடம் கழித்து எடுத்தால், சார்ஜே ஏறாமல் போகலாம்.

மூன்றாவது, பெட்ரோல் மெஷின். மகன் அனுப்பிய விளம்பரம் இந்த வகை. எங்கேயும் ஓடும், எந்தக் கட்டையையும் அறுக்கும். ஆனால் எடை, சத்தம், புகை, பராமரிப்பு, ஆபத்து எல்லாமே இதில்தான் அதிகம்.

நான்காவதாக ஒன்றும் ஆன்லைனில் விற்கிறது. கிரைண்டிங் மெஷினில் மாட்டிக்கொள்ளும் செயின்சா அட்டாச்மென்ட். விலை மிகக் குறைவு என்பதால் பலரும் மயங்குகிறார்கள். சிறிய கிரைண்டர் நிமிடத்துக்குப் பத்தாயிரம் சுற்றுக்கு மேல் சுற்றும். அந்த வேகத்துக்கு ஏற்ற சங்கிலியும் இல்லை, அவசரத்துக்கு நிறுத்த பிரேக்கும் இல்லை. எந்த விலைக்குக் கிடைத்தாலும் வாங்க வேண்டாம்.

விலை எங்கே குறைகிறது?

பெயர் பெற்ற கம்பெனியின் சிறிய பெட்ரோல் செயின்சா இருபதாயிரத்தை ஒட்டி அல்லது அதற்கு மேல் இருக்கும். அதே மாதிரி தோற்றத்தில் இன்னொன்று ஏழாயிரத்துக்குக் கிடைக்கிறது என்றால், எங்கோ குறைத்திருக்கிறார்கள் என்றுதான் அர்த்தம்.

முதலில் எண்கள். மெஷின் மேல் பெரிதாக எழுதியிருக்கும் எண் மாடலின் பெயராக இருக்கலாம், இன்ஜினின் நிஜ அளவாக இருக்க வேண்டும் என்பதில்லை. சிசி எவ்வளவு, கிலோவாட் எவ்வளவு என்று கையேட்டில் பார்ப்பதுதான் சரி.

அடுத்தது எடை. விலை குறைந்த மெஷின்களில் பெரும்பாலானவை 52 சிசி, 58 சிசி என்று பெரிய இன்ஜின், 22 இன்ச் நீளம் என்று வருகின்றன. கேட்க நன்றாக இருக்கும். பெட்ரோல், ஆயில் எல்லாம் ஊற்றித் தூக்கிப் பார்த்தால் ஏழு எட்டு கிலோ இருக்கும். அரை மணி நேரம் குனிந்து அறுத்தால் கை நடுங்கும். கை நடுங்கும்போதுதான் விபத்து நடக்கிறது. வீட்டு வேலைக்கு 35 சிசி அளவும் 14 அல்லது 16 இன்ச் நீளமும் தாராளம். பழகாதவர் கையில் சின்ன மெஷின்தான் பாதுகாப்பு.

மூன்றாவது, கண்ணுக்குத் தெரியாத பாகங்கள். சங்கிலியின் இரும்பு, அது ஓடும் ‘பார்’ என்கிற தகடு, ஆயில் பம்ப், அதிர்வைத் தாங்கும் ரப்பர், செயின் பிரேக். இதில் மற்றவை சுமாராக இருந்தால் வேலை கெடும். செயின் பிரேக் சுமாராக இருந்தால் ஆளே கெட்டுப் போவார். முன் கைப்பிடிக்கு முன்னால் ஒரு தடுப்பு இருக்கும். அதை முன்பக்கம் தள்ளியதும் ஓடும் சங்கிலி அந்தக் கணமே நிற்க வேண்டும். சற்று ஓடி நின்றாலும் அந்த மெஷினைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

கடைசியாக, ஸ்பேர் பார்ட்ஸ். புதுச்சேரியிலோ திண்டிவனத்திலோ அந்த மாடலுக்குச் சங்கிலி, ஸ்பார்க் பிளக், கார்புரேட்டர் கிடைக்குமா என்று விசாரியுங்கள். ஒரு நல்ல செய்தியும் உண்டு. இந்த பட்ஜெட் மெஷின்கள் பலவும் ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருப்பதால், ஒன்றின் பாகம் இன்னொன்றுக்குப் பெரும்பாலும் பொருந்தும். பவர் டில்லர், மருந்து அடிக்கும் மெஷின் பழுது பார்க்கிற மெக்கானிக்கால் இதையும் சரிசெய்துவிட முடியும்.

பேப்பரும் பேனாவும் எடுங்கள்

இனி கணக்கு. கீழே உள்ளவை தோராயமான தொகைகள். உங்கள் ஊர் விலையைப் போட்டு மாற்றிக்கொள்ளுங்கள்.

மெஷின் 7,000 ரூபாய். கூடுதலாக ஒரு சங்கிலி 600. சாணை பிடிக்க அரம், 2டி ஆயில், செயின் ஆயில் சேர்த்து 700. முக வலை, காதுக் கவசம் சேர்ந்த ஹெல்மெட் 1,200. கால் கவசம் 3,000. பூட்ஸ் 1,200. கையுறை 300. மொத்தம் 14,000. விளம்பரத்தில் இருந்த ஏழாயிரம் இங்கே சரியாக இரண்டு மடங்காகிவிட்டது. கவசங்களைக் கழித்துவிட்டுக் கணக்குப் போடலாமே என்று தோன்றும். அந்தப் பணம்தான் ஆஸ்பத்திரிச் செலவைத் தடுக்கிற பணம்.

வருடத்துக்குப் பெட்ரோல், பிளக், கார்புரேட்டர் கிளீனிங் என்று 1,000 ரூபாய் வைத்தால், 5 வருடத்தில் மொத்தச் செலவு 19,000.

இன்னொரு பக்கம், மெஷினோடு ஆள் கூப்பிடுவது. இரண்டு பேர், ஒரு நாள், 3,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். 5 வருடத்தில் 6 நாள் கூப்பிட்டால் 18,000. 7 நாள் கூப்பிட்டால் 21,000. ஆக, 5 வருடத்தில் 7 நாள் அல்லது அதற்கு மேல் வேலை இருந்தால்தான் சொந்த மெஷின் லாபம்.

இதில் ஒன்றை மறந்துவிடக் கூடாது. உயரத்தில் ஏறி வெட்டும் வேலைக்கும், நிற்கும் பெரிய மரத்தைச் சாய்க்கும் வேலைக்கும் மெஷின் வாங்கினாலும் நீங்கள் ஆளைத்தான் கூப்பிடுவீர்கள், கூப்பிடவும் வேண்டும். அந்த நாட்களைக் கணக்கில் சேர்க்கக் கூடாது. தரையில் கிடக்கும் கட்டையை அறுக்கும் நாட்களை மட்டும் எண்ணுங்கள். இரண்டு தென்னை, ஒரு வேம்பு உள்ள பத்து சென்ட் வீட்டுக்கு அந்த எண்ணிக்கை ஒன்றைத் தாண்டாது. அரை ஏக்கர் சவுக்கோ முந்திரியோ வைத்து, விறகு அடுப்பும் எரிகிற வீட்டுக்கு வருடத்துக்கே நான்கைந்து நாள் வரும். முதல் வீட்டுக்கு மெஷின் நஷ்டம். இரண்டாவது வீட்டுக்கு இரண்டு வருடத்துக்குள் காசு திரும்பிவிடும்.

“புயல் நேரத்தில் ஆள் கிடைக்காதே?” என்ற கேள்வி நியாயமானது. அந்த மூன்று நாள் ஊரில் ஆள் கிடைக்காது, கிடைத்தாலும் கூலி கூடும். அதற்காகவே பலர் மெஷின் வாங்குகிறார்கள். ஆனால் அந்த மூன்று நாளில் அந்த மெஷின் ஓடுமா என்பதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

ஓடாத மெஷினே சீக்கிரம் கெடும்

தினமும் ஓடும் மெஷினைவிட, எப்போதாவது ஓடும் மெஷினுக்குத்தான் கவனிப்பு அதிகம் தேவை. இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை.

இப்போது பங்கில் கிடைக்கும் பெட்ரோலில் எத்தனால் கலந்திருக்கிறது. எத்தனால் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும். கடற்கரையில் ஈரத்துக்குப் பஞ்சமே இல்லை. டேங்கில் பெட்ரோலை மாதக்கணக்கில் விட்டால் அது கெட்டு, கார்புரேட்டரில் பிசினாகப் படியும், ரப்பர் டியூப்கள் ஊறிப்போகும். தை மாதம் விறகு அறுத்துவிட்டு அப்படியே மூலையில் வைத்த மெஷின், ஐப்பசி புயலில் கயிற்றை எத்தனை முறை இழுத்தாலும் எழும்பாது.

வேலை முடிந்ததும் டேங்கைக் காலி செய்யுங்கள். பிறகு ஸ்டார்ட் செய்து, தானாக நிற்கும்வரை ஓட விடுங்கள். கார்புரேட்டரில் மிச்சமிருப்பதும் எரிந்துவிடும். ஸ்பேர் பெட்ரோலையும் ஒரு மாதத்துக்கு மேல் கலந்து வைக்காதீர்கள்.

இது டூ-ஸ்ட்ரோக் இன்ஜின். வெறும் பெட்ரோல் ஊற்றினால் சில நிமிடங்களில் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். பல பட்ஜெட் மெஷின்களின் கையேட்டில் 25-க்கு 1 என்று இருக்கும். அதாவது 1 லிட்டர் பெட்ரோலுக்கு 40 மில்லி 2டி ஆயில். 50-க்கு 1 என்று இருந்தால் 20 மில்லி. கையேட்டில் உள்ளதைத்தான் பின்பற்ற வேண்டும்.

சங்கிலிக்குத் தனி ஆயில், தனி டேங்க். பெட்ரோல் ஒரு தடவை ஊற்றும்போது அதையும் நிரப்ப வேண்டும். பழைய கழிவு ஆயிலை ஊற்றினால் பம்ப் அடைக்கும். ஓடும் மெஷினின் நுனியை ஒரு வெள்ளைத் தாளுக்கு மேல் சற்றுத் தள்ளிப் பிடித்தால், ஆயில் துளிகள் கோடாகத் தெறிக்க வேண்டும். தெறிக்கவில்லை என்றால் ஆயில் போகவில்லை.

உப்புக் காற்று சங்கிலியை ஒரே மழைக்காலத்தில் துருவாக்கிவிடும். சங்கிலியைக் கழற்றி, துடைத்து, ஆயில் தடவி, மூடிய டப்பாவில் போடுங்கள். இந்தக் கரையின் இன்னொரு எதிரி மணல். விழுந்த மரத்தின் பட்டைக்குள் மணல் ஏறியிருக்கும். சங்கிலி ஒரு நொடி மணலைத் தொட்டாலும் கூர் போய்விடும். கட்டையை இன்னொரு கட்டையின் மேல் தூக்கி வைத்து அறுப்பதே நல்லது. மரத்தூள் சீவலாக விழாமல் மாவாக விழுந்தால், சங்கிலி மழுங்கிவிட்டது என்று புரிந்துகொண்டு அரம் பிடிக்க வேண்டும். பலம் கொடுத்து அழுத்தினால் மெஷினும் கெடும், கையும் வழுக்கும்.

அம்மா கேட்ட கேள்வி

செயின்சாவில் மிக மோசமான விபத்து, மெஷின் முகத்தை நோக்கி எகிறுவது. பாரின் நுனியில் மேல்பாதி எதிலாவது பட்டால், சங்கிலி மாட்டிக்கொண்டு மொத்த மெஷினையும் மேலே, பின்னால் தூக்கி அடிக்கும். கண் சிமிட்டும் நேரத்தில் நடந்துவிடும். எவ்வளவு அனுபவசாலியாலும் சுதாரிக்க முடியாது. அதனால்தான் செயின் பிரேக்குக்கு இத்தனை முக்கியத்துவம்.

இதைத் தவிர்க்கச் சில பழக்கங்கள் போதும். நுனியால் அறுக்கவே கூடாது. எப்போதும் இரண்டு கை, கட்டை விரல் கைப்பிடியைச் சுற்றியிருக்க வேண்டும். பாருக்கு நேர் பின்னால் தலை இருக்கக் கூடாது, சற்று இடப்பக்கம் நிற்க வேண்டும். தோளுக்கு மேல் தூக்கி அறுக்கக் கூடாது. ஏணியில் ஏறி ஒருபோதும் கூடாது. ஸ்டார்ட் செய்யும்போது மெஷின் தரையில், பிரேக் போட்ட நிலையில், பின் கைப்பிடிக்குள் கால் மிதித்திருக்க வேண்டும். தொங்கவிட்டுக்கொண்டே கயிறு இழுப்பது சினிமாவில் மட்டும் சரி.

கைலி, ரப்பர் செருப்பு, துண்டு மூன்றும் ஆகவே ஆகாது. கால் கவசத்தின் உள்ளே நீளமான இழைகள் இருக்கும். சங்கிலி பட்டால் அந்த இழைகள் சுற்றிக்கொண்டு சங்கிலியை நிறுத்திவிடும். மெஷின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும் என்பதால் காதுக் கவசமும் கட்டாயம். தனியாக வேலை செய்யாதீர்கள். அருகில் ஒருவர், கையில் செல்போன், ஒரு சுத்தமான துணி இருக்கட்டும். வெட்டுப் பட்டால் துணியை வைத்து விடாமல் அழுத்திப் பிடித்துக்கொண்டு 108-ஐ அழைப்பதுதான் முதல் வேலை.

புயலில் விழுந்த மரம் வேறு ரகம்

வெட்டிப்போட்ட கட்டையும் புயலில் விழுந்த மரமும் ஒன்றல்ல. புயல் மரம் எங்கோ அழுந்தி, எங்கோ வளைந்து, வில் மாதிரி இழுத்துக்கொண்டு கிடக்கும். தப்பான இடத்தில் அறுத்தால் அம்பு மாதிரி அடிக்கும். முந்திரிக் கிளையில் இது அதிகம்.

இரண்டு முனையும் தாங்கி, நடுவில் தொங்கும் கட்டையை மேலிருந்தே முழுக்க அறுத்தால் பார் மாட்டிக்கொள்ளும். மேலிருந்து மூன்றில் ஒரு பங்கு அறுத்து, மீதியைக் கீழிருந்து அறுக்க வேண்டும். ஒரு முனை மட்டும் தாங்கி, மறுமுனை அந்தரத்தில் இருந்தால் இதற்கு நேர்மாறு. முதலில் கீழிருந்து கொஞ்சம், பிறகு மேலிருந்து. மாட்டிக்கொண்டால் மர ஆப்பு அடித்து விடுவிக்க வேண்டும். இரும்பு ஆப்பு சங்கிலியில் பட்டால் பல் போய்விடும்.

வேரோடு சாய்ந்த மரத்தில் இன்னொரு ஆபத்து. அடித்தண்டை அறுத்ததும் பாரம் குறைந்து, மண்ணோடு நிற்கும் வேர்த்தூர் சட்டென்று பழையபடி குழிக்குள் போய் உட்காரும். குழிக்குள் யாராவது நின்றால் அவ்வளவுதான். குழந்தைகள் அந்தப் பள்ளத்தில் விளையாட இறங்குவது வழக்கம். அறுக்கும் முன் சுற்றிலும் பார்த்துவிடுங்கள்.

மரம் மின்கம்பியைத் தொட்டுக்கொண்டிருந்தால் கிட்டேயே போகக் கூடாது. கரண்ட் இல்லை என்று நினைப்பதும் தப்பு. பக்கத்து வீட்டு ஜெனரேட்டரிலிருந்துகூட லைனுக்கு மின்சாரம் ஏறலாம். மின்னகம் எண் 94987 94987-க்குச் சொல்லி, லைன் துண்டிக்கப்பட்டதை ஊழியர் உறுதிப்படுத்திய பிறகுதான் எதுவும். வீட்டின் மேல் சாய்ந்த மரம், இன்னொரு மரத்தில் சிக்கித் தொங்கும் மரம் இவையும் தீயணைப்புத் துறையோ பழகிய ஆட்களோ பார்க்க வேண்டிய வேலை.

யாருடைய மரம் என்பதும் முக்கியம். கிழக்குக் கடற்கரைச் சாலையோர மரமும் புறம்போக்கு மரமும் அரசுக்குச் சொந்தம். நம் வாசலுக்கு நேரே நிற்கிறது என்பதற்காக வெட்டிவிட முடியாது. பனை மரத்தை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று 2021-ல் தமிழக அரசு அறிவித்தது. இலங்கையில் 2018-ல் செயின்சா வைத்திருப்பவர்கள் எல்லோரும் அதைப் பதிவு செய்ய வேண்டும் என்றே உத்தரவு வந்தது. மெஷின் மலிவாகிவிட்டால் மரமும் மலிவாகிவிடும் என்ற கவலை எல்லா ஊரிலும் உண்டு.

யார் வாங்கலாம், யார் வேண்டாம்?

பத்து பதினைந்து சென்ட் வீடு, நாலைந்து மரம் என்றால் பெட்ரோல் செயின்சா வேண்டாம். ஒரு நல்ல கை ரம்பம், ஒரு வில் ரம்பம், அரிவாள், கயிறு. ஆசைப்பட்டால் பேட்டரி குட்டி மெஷின் ஒன்று. புயல் காலையில் கேட்டைத் திறக்க இவை போதும். மற்றவற்றுக்கு ஆள் வரும்வரை பொறுக்கலாம்.

தோப்பு உண்டு, விறகுத் தேவையும் உண்டு, மெஷினைக் கழற்றித் துடைத்து வைக்கும் பொறுமையும் உண்டு என்றால் பட்ஜெட் மெஷின் வாங்கலாம். தரையில் கிடக்கும் கட்டைக்கு மட்டும் அதைப் பயன்படுத்துவது என்று உறுதியாக இருக்க வேண்டும். வந்ததும் செயின் பிரேக், ஆயில் துளி, ஐடிலில் சங்கிலி ஓடாமல் நிற்கிறதா என்று மூன்றையும் சோதித்து, திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் முடிவெடுங்கள். அண்ணன் தம்பி, பங்காளி என நாலு வீடு சேர்ந்து, கொஞ்சம் கூடப் போட்டு, நல்ல கம்பெனியின் சிறிய மெஷினாக ஒன்று வாங்கினால் இன்னும் நல்லது. ஒருவர் பொறுப்பில் இருக்கட்டும், ஓட்டுவதையும் அவரே பழகட்டும். எல்லோர் கையிலும் மாறினால் யாரும் துடைத்து வைக்க மாட்டார்கள்.

எந்த வீடாக இருந்தாலும், அந்தப் பணத்தில் ஒரு பங்கை ஆவணியிலோ புரட்டாசியிலோ செலவழிப்பதுதான் முதல் லாபம். வடகிழக்குப் பருவமழை ஐப்பசியில் ஆரம்பிக்கும். அதற்கு முன்பே, வெயில் அடிக்கிற ஒரு காலையில், பழகிய ஆளைக் கூப்பிட்டு வீட்டின் மேல் கவிந்த கிளை, காய்ந்த கிளை, கம்பிப் பக்கம் நீளும் கிளைகளைக் கழித்துவிட வேண்டும். மின்கம்பி கிட்டே இருப்பதற்கு மட்டும் மின்வாரிய ஆட்களிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். காற்றுக்கு வழிவிடும் மரம் லேசில் சாயாது. அந்த நேரத்தில் ஆளும் கிடைப்பார், கூலியும் நியாயமாக இருக்கும், அவசரமும் இருக்காது.

மகன் அனுப்பிய விளம்பரம் இன்னும் அப்பாவின் செல்போனில் இருக்கிறது. ஆர்டர் போடும் முன், அவர் ஒருமுறை கொல்லைப் பக்கம் போய் அண்ணாந்து பார்த்துவிட்டு வரட்டும். எத்தனை மரம், எத்தனை கிளை, அதில் எத்தனை தரையில் நின்று அறுக்கக்கூடியது? அந்த எண்ணிக்கை தெரிந்தால், வாங்கலாமா வேண்டாமா என்று அம்மாவே சொல்லிவிடுவார்.